நாளைய வாகனம் எதைத் தரும்?

1947ஆம் ஆண்டிலே, வேல்ஸ் நாட்டைச் சார்ந்த ஆங்கிள்சித் தீவின் கடற்கரையில், ஒருவர் தம் தமையனாருக்கு விளங்கும்படி ஈரமணலில் ஒரு வண்டியின் உருவத்தைக் கோடிட்டுக் காட்டினார் என்பர். கோடிட்டவர் ரோவர் கம்பனியின் பொறியியல் தலைவராயிருந்த மொரிஸ் வில்க்ஸ். தமது பண்ணையிலே பழைய இராணுவ ஜீப் ஒன்றை வைத்து வேலை வாங்கியவர் அவர். அந்த ஜீப் தேய்ந்துபோனால் அதற்கு ஈடாக வாங்குதற்கு வேறு வண்டி இல்லையே என்ற கவலையே அந்த மணற்கோட்டுக்குக் காரணமாயிற்று. அலை வந்து கோட்டை அழித்திருக்கும், எண்ணம் அழியவில்லை. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் அம்ஸ்ரடாம் நகரக் கண்காட்சியில் 'லேண்ட் ரோவர்' என்ற பெயருடன் அவ்வண்டி உலகின் முன் நின்றது.

கல்முனைக் கடற்கரை மணலைக் கண்டவர்களுக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது. மருதமுனை தொட்டுப் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் அக்கரையிலே, கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக, நடுவே ஒடுங்கிய நிலத்தில் ஊர்கள் ஒன்றையொன்று தோள் தொட்டு நிற்கின்றன. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பிரதான வீதியில் ஊர்ப்பலகைகள் மாறுவதைக் கொண்டே ஓர் ஊர் முடிந்து மறு ஊர் தொடங்கியதைப் பிரயாணி அறிய வேண்டியிருக்கும். அங்கு வாழும் மக்களின் உழைப்போ பெரும்பாலும் கடலிலும் வட்டையிலும் உள்ளது. தோணியை மணலில் இழுத்தேற்றவும், நெல்மூட்டையைச் சேற்றுவரம்பினின்று வீதிக்குக் கொண்டுவரவும் வலியதொரு வண்டி வேண்டும் என்ற தேவை, வில்க்ஸ் என்பாரின் பண்ணைத் தேவையினின்று வேறானதன்று.

அந்த முதல் லேண்ட் ரோவர் எத்தகையது? போருக்குப் பின் உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்தமையால் அதன் உடல் அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்யப்பட்டது. கதவும் கூரைத்துணியும்கூடத் தனி விலை கொடுத்து வாங்கவேண்டியனவாக முதலில் இருந்தன. ஆனால் அதன் இயந்திர வலுவைக் கொண்டு பண்ணைக் கருவிகளை இயக்க வழி இருந்தது. சுருங்கச் சொன்னால், அது பாதி மோட்டார் வண்டி, பாதி உழவு இயந்திரம். இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் அதனைக் காணாத வழி இல்லையென்னும்படி அது பரவியது இந்தக் குணத்தினாலேயே.

இந்த உழவன் வீட்டுப் பிள்ளை எவ்வாறு அரண்மனைக்குப் போயிற்று என்பதுதான் அடுத்த கதை. 1970ஆம் ஆண்டில் அதே கம்பனி 'ரேஞ்ச் ரோவர்' என்ற வண்டியை வெளியிட்டது. அதிலே நல்ல வில்லமைப்பு இருந்தது, வேகம் இருந்தது. எனினும் அதன் உள்ளிடம் சேறு படிந்தால் தண்ணீர் பாய்ச்சிக் கழுவத்தக்கதாகவே ஆக்கப்பட்டிருந்தது. வாங்கியவர்களோ வயலுக்குச் செல்வோராக மட்டும் இருக்கவில்லை. நகரத்துச் செல்வரும் வாங்கினர். அவர்கள் கேட்கக் கேட்க, தோலாசனம் வந்தது, கம்பளம் வந்தது, 1981இல் நான்கு கதவுகள் வந்தன. ஜேர்மனியின் மெர்சிடிஸ் கம்பனியார் 1979இல் வெளியிட்ட 'ஜி' வகை வண்டியும் இராணுவத் தேவைக்கெனத் தொடங்கிச் சீமான்களின் வாசலில் முடிந்ததே. 2015இல் பென்ட்லி கம்பனியும் 2018இல் ரோல்ஸ் ரோய்ஸ் கம்பனியும் இவ்வினத்தில் இறங்கின. ரோல்ஸ் ரோய்ஸ் தன் வண்டிக்கு இட்ட பெயர் 'கலினன்'; 1905இல் தென்னாபிரிக்காவில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மாபெரும் வைரத்தின் பெயர் அது. விரும்புவோருக்கு, பின்புறப் பெட்டகத்தினின்று இரண்டு தோல் நாற்காலிகள் தாமே வெளியே வந்து விரியும்படி ஓர் ஏற்பாடும் அதில் உண்டு. கரையேற்றிய தோணியின் விளிம்பில் அமர்ந்து கடலைப் பார்த்திருக்கும் கல்முனை மீனவருக்குக் காசின்றிக் கிடைக்கும் காட்சியைக் காண்பதற்கு, உலகில் ஒருசிலர் இத்துணைப் பொருள் செலவிடுகின்றனர்!

கடற்படையிலே தளபதி ஏறிச் செல்லும் கப்பலுக்குக் கொடிக்கப்பல் என்று பெயர். மோட்டார்க் கம்பனிகளும் தம் வண்டிகளுள் தலையாயதை அவ்வாறே கொடிக்கப்பலெனப் போற்றுகின்றன. இனி வரப்போகும் கொடிக்கப்பல் எத்தகையதாய் இருக்கும் என்று உலகத்துச் சந்தைகள் ஆவலுடன் பேசிக்கொள்கின்றன. அப்பேச்சு வெறும் ஊகமன்று. கம்பனிகளே அதற்கான அடையாளங்களைக் காட்டியுள்ளன.

முதலாவது அடையாளம் மின்சாரம். மெர்சிடிஸ் கம்பனி 2024இல் தனது பழைய 'ஜி' வண்டிக்கு மின்சார வடிவம் தந்தது. சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார் வீதம் நான்கு மோட்டார்கள் அதில் உண்டு. ஒரு பக்கத்துச் சக்கரங்களை முன்னும் மறுபக்கத்தவற்றைப் பின்னும் சுழற்றி, நின்ற இடத்திலேயே அது திரும்பவல்லது. ஒடுங்கிய ஒழுங்கையிலே எருதை அதட்டிக் கரத்தையைத் திருப்பிய பழைய வண்டிக்காரர் இதனைக் கண்டால் புன்னகை புரிவார். இரண்டாவது அடையாளம் அறிவு. கண்ணுக்குப் பதிலாக ஒளிப்படக் கருவியும், ரேடாரும், ஒளிக்கதிர் கொண்டு தூரம் அளக்கும் கருவியும் வைத்து, குறித்த சில நிபந்தனைகளுக்குட்பட்டு வண்டி தன்னைத்தானே செலுத்துதற்கு ஜேர்மனி 2021 டிசம்பரில் அனுமதி வழங்கியது. மூன்றாவது அடையாளம் வீட்டுச் சுகம். தென்கொரியாவின் ஜெனசிஸ் கம்பனி 2024இல் நியூயோர்க் நகரில் காட்டிய 'நியோலன்' என்ற மாதிரி வண்டியில் கதவுகள் இரட்டைக் கதவுபோல எதிரெதிராகத் திறக்கின்றன. நடுவே தூண் இல்லை. கொரிய மக்கள் தம் வீட்டுத் தரையின் கீழ்ச் சூடேற்றிக் குளிரைப் போக்கும் 'ஒண்டோல்' என்ற பழைய முறையை அவ்வண்டியின் உள்ளே புகுத்தியிருக்கின்றனர்.

இம்மூன்றாவது அடையாளம் சிந்திக்கத்தக்கது. ஒரு தேசத்தார் தம் பாட்டன் வீட்டுச் சுகத்தை நாளைய வண்டியில் ஏற்றியிருக்கின்றனர். அங்ஙனமாயின், கல்முனைக் கரையோரத்து வீடு நாளைய வண்டிக்கு எதைக் கற்பிக்கும்? அங்கே வேண்டுவது வெப்பமன்று, குளிர்ச்சி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் உடலை ஒட்டாமற் காற்றுப் புக இடந்தரும் பன்பாயின் குணத்தை எந்தத் தோலாசனம் அறியும்? மருதமுனைத் தறியில் நெய்த பருத்தித் துணியைக் காட்டிலும் அக்கரை வெயிலுக்கு ஏற்ற ஆசனவுறை எது? கடலுப்புக் கலந்த காற்று இரும்பைத் தின்றுவிடுவதை வீட்டு யன்னற் கம்பியிலேயே கண்டவர்கள் அங்குள்ளோர். ஆகவே பளபளக்கும் கண்ணாடித் திரையைவிடத் துருப்பிடியாத அடித்தட்டையே அவர்கள் முதலிற் கேட்பர். தட்டுப்பாட்டினால் வில்க்ஸ் சேர்த்த அலுமினியம், இன்று விரும்பிச் சேர்க்கும் பொருளாகியுள்ளது. 2012இல் வந்த ரேஞ்ச் ரோவரின் உடலமைப்பு முழுவதுமே அலுமினியத்தாலானது.

இரவுப் பிரயாணத்தையும் எண்ண வேண்டும். கரையோரத்தினின்று அம்பாறைப் பக்கம் செல்லும் வீதிகளில் மாடுகள் படுத்திருப்பதுண்டு. காட்டுயானை குறுக்கிடுவதும் உண்டு. உடற்சூட்டைக் கொண்டு இருளில் உயிரினங்களைக் காட்டும் கருவியைக் கடிலாக் கம்பனி தன் உயர்ந்த வண்டியொன்றிற் பொருத்தியது 2000ஆம் ஆண்டளவில். அமெரிக்கச் செல்வர் மானைத் தவிர்க்க வாங்கிய கருவி, வயற்காவல் முடித்துத் திரும்பும் விவசாயிக்கு எவ்வளவு உதவும்! ஆனால் அவர் செல்வது மோட்டார்ச் சைக்கிளில். கருவி இருப்பதோ அவர் எட்டமுடியாத வண்டியில்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகின்றது. எட்டமுடியாத வண்டியைப் பற்றிப் பேசுவதனாற் பயன் என்ன? அந்நியச் செலாவணி இன்மையால் இலங்கை 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். சீமானின் வண்டியும் முச்சக்கர வண்டியும் ஒரே வரிசையில் நின்ற காலம் அது. தனியார் வாகனங்களுக்கு மறுபடியும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான், அதுவும் பெருவரியுடன். இந்நிலையில் கொடிக்கப்பலின் புகழ் கல்முனைக்கு எதற்கு?

விடை, மோட்டார் வாகனத்தின் வரலாற்றிலேயே இருக்கின்றது. சொகுசு வண்டி ஒரு பரிசோதனைச்சாலை. சறுக்காமல் நிறுத்தும் மின்னணுத் தடை 1978இல் மெர்சிடிஸ் கம்பனியின் மிகவுயர்ந்த வண்டியில் வந்தது. மோதும்போது விரியும் காற்றுப்பை 1981இல் அதே வண்டியில் வந்தது. வழுக்கும் வண்டியை நிலைப்படுத்தும் கருவி 1995இல் அதே குடும்பத்து வண்டியில் வந்தது. அந்தக் கடைசிக் கருவியை 2014 நவம்பர் தொட்டு ஐரோப்பாவின் எல்லாப் புதிய கார்களுக்கும் சட்டம் கட்டாயமாக்கிற்று. செல்வர் விலை கொடுத்துப் பரீட்சித்த நன்மை, இருபது ஆண்டில் எளியவருக்கும் உரிமையாயிற்று. இன்னும் சிறந்த உதாரணம் ஒன்றுண்டு. இன்று உலகமெங்கும் உள்ள மூன்று முனை ஆசனப் பட்டியை 1959இல் வொல்வோ கம்பனியின் நில்ஸ் போலின் அமைத்தார். அதனை மற்றவர்களும் எடுத்தாளும்படி அக்கம்பனி விட்டுக்கொடுத்தது. மேலிருந்து கீழே நன்மை இறங்குதற்கு இருபது ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை, மனம் இருந்தால் அக்கணமே இறங்கும் என்பதற்கு அது சான்று.

ஆகவே நாளைய கொடிக்கப்பலைப் பார்த்து, 'இதில் யார் அமர்வார்?' என்று கேட்பதினும், 'இதிலிருந்து எது இறங்கி வரும்?' என்று கேட்பதே பயனுடையது. அக்கரையோர மக்களுக்கு இக்கேள்வி உயிரோடு தொடர்புடையது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தண்ணீர் என்ன செய்யும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனினும் தண்ணீர் மறுபடியும் பாடம் கற்பித்தது. 2024 நவம்பர் 26ஆம் நாள், வாடைக்கால அடைமழையில், காரைதீவு-மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மேவிப் பாய்ந்தது. மத்ரஸா மாணவர்களை வீட்டுக்கு ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தின் பெட்டியை அவ்வெள்ளம் அடித்துச் சென்றது. சிறுவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அவர்கள் ஏறியது ஆடம்பரத்துக்காக அன்று. அந்நேரத்தில் அந்த வீதியைக் கடக்கவல்லது என ஊரார் நம்பிய வாகனம் அதுவொன்றே.

இத்தகைய வீதியில் விலையுயர்ந்த வண்டி இருந்திருந்தால் கடந்திருக்கும் என்று எவரேனும் எண்ணக்கூடும். ரேஞ்ச் ரோவர் 90 சென்ரிமீற்றர் ஆழமான நீரூடே செல்லும் என்றும், மின்சார 'ஜி' வண்டி 85 சென்ரிமீற்றர் ஆழத்தைக் கடக்கும் என்றும் கம்பனிகள் கூறுகின்றன. அக்கூற்றுப் பொய்யன்று, ஆனால் அது தேங்கிய நீரில் மெதுவாகச் செல்வதைப் பற்றியது. பாயும் நீரின் சட்டம் வேறு.

அச்சட்டத்தை ஒரு சிறு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு சொகுசு வண்டியின் எடை 2,500 கிலோ கிராம் எனக் கொள்வோம். நீளம் 5 மீற்றர், அகலம் 2 மீற்றர். அப்படியானால் அதன் அடித்தட்டின் பரப்பு ஏறக்குறைய 10 சதுர மீற்றர். ஒரு கன மீற்றர் நீரின் எடை 1,000 கிலோ கிராம். ஆகவே இரண்டரைக் கன மீற்றர் நீரை விலக்கினால் அவ்வண்டி மிதக்கும். பத்துச் சதுர மீற்றர்ப் பரப்பில் இரண்டரைக் கன மீற்றர் என்பது 25 சென்ரிமீற்றர் உயரமே. அடித்தட்டு நிலத்தினின்று 30 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால், நீர் 55 சென்ரிமீற்றரை எட்டும்போது, உள்ளே நீர் புகாத வண்டி தோணியாகிவிடும். மிதப்பதற்கு முன்பே சக்கரத்தின் பிடி தளர்ந்துவிடும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். நீர் புகாதபடி எத்துணை நன்றாகச் செய்யப்பட்டதோ, அத்துணை நன்றாக அது மிதக்கும் என்பதே இதிலுள்ள விந்தை. பணம் கொடுத்து வாங்கிய கதவு, அந்நேரத்தில் பகையாகின்றது.

அப்படியாயின் கொடிக்கப்பலில் இருந்து அவ்வூருக்கு இறங்கி வரத்தக்கது யாது? அது அதன் சக்கரமும் அன்று, வலுவும் அன்று, அதன் கண். 2010களிலே லேண்ட் ரோவர் கம்பனி தன் வண்டிகளின் பக்கக் கண்ணாடிகளில் சிறிய ஒலியலைக் கருவிகளைப் பொருத்தியது. அவை கீழ்நோக்கி ஒலியலை விட்டு, நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு நீரின் ஆழத்தை அறிந்து, எல்லை நெருங்குமுன் சாரதிக்கு எச்சரிக்கை செய்கின்றன. கலங்கிய வெள்ளத்தில் மனிதக் கண்ணுக்குத் தெரியாதது ஆழம். வீதி எங்கே முடிகிறது, வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்பது வெள்ளத்தின் மேற்பரப்பில் எழுதப்பட்டிருப்பதில்லை. ஆழத்தை அறிவிப்பதே அக்கருவியின் சிறப்பு.

ஆழத்தை அறிய வண்டிதான் வேண்டுமா? அவுஸ்திரேலியாவிலே வெள்ளம் மேவும் வீதிகளின் ஓரத்தில் அளவுக்கோடு தீட்டிய மரங்கள் நாட்டப்பட்டிருக்கின்றன. நீர் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அதுவே வீதியின் மேலுள்ள ஆழம். எழுத்தறியாதவரும் காணலாம், மின்சாரம் வேண்டாம், இறக்குமதி வேண்டாம். கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்துத் தாம்போதி ஒவ்வொன்றிலும் அத்தகைய அளவுமரம் ஒன்று நின்று, அதிலே சிவப்புக் கோடும், அக்கோட்டை நீர் தொட்டபின் எந்த வாகனமும் இறங்கலாகாது என்ற ஊர்க்கட்டுப்பாடும் இருக்குமாயின், கோடிக்கணக்கான ரூபாய் வண்டி செய்வதை ஒரு கம்பு செய்துவிடும். அதற்கும் மேலே வீதியை உயர்த்துவதும், மதகின் வாயை அகலமாக்குவதும், வாய்க்காலைத் தூர் எடுப்பதும் அரசினரின் கடமை. மழை முன்னறிவிப்புக் கேட்டவுடன் பிள்ளைகளை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்புவதோ, வெள்ளம் வடியும்வரை பாடசாலையிலும் பள்ளிவாசலிலும் பத்திரமாகத் தங்க வைப்பதோ பெரியோரின் கடமை.

உலகத்துப் பெருங்கம்பனிகள் நாளைய வண்டிக்கு இன்னும் பல சிறப்புக்களைச் சேர்க்கும். ஆசனம் உடலைப் பிடித்துவிடும். கண்ணாடி வேண்டியபோது இருளும். வண்டி உரிமையாளரின் குரலை அறிந்து பேசும். அவற்றைக் குறைகூற வேண்டியதில்லை. மனிதனுடைய கைத்திறனும் அறிவும் அவற்றில் உண்டு. ஆயினும், சுகம் தருவது வேறு, காப்புத் தருவது வேறு. சுகம் விலை கொடுத்தவரோடு நின்றுவிடும். காப்போ, பகிர்ந்துகொள்ளப்பட்டாலன்றி நிறைவு பெறாது. பட்டியை உலகுக்கு விட்டுக்கொடுத்த கம்பனி இன்றும் போற்றப்படுவது இதனாலேயே.

வில்க்ஸ் என்பவர் மணலிலே கோடிட்டபோது கேட்ட கேள்வி, 'எந்த வண்டி அழகியது?' என்பதன்று, 'இந்த நிலத்துக்கு எது வேண்டும்?' என்பதே. அக்கேள்வியைக் கேட்க எவருக்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை. காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையிலே, வயல்வெளி நடுவில், அவ்வீதி இன்றும் செல்கின்றது. ஒவ்வோர் ஆண்டும் மாரி வரும், வெள்ளம் வரும், பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டும். அவர்களை வீடு சேர்ப்பது எதுவோ, அதுவே அவ்வூரின் கொடிக்கப்பல். அது விலையுயர்ந்த வண்டியாக இருக்கலாம், உயர்த்திய பாலமாக இருக்கலாம், அன்றி வீதியோரத்தில் சிவப்புக் கோட்டுடன் மௌனமாக நிற்கும் ஓர் அளவுமரமாகவும் இருக்கலாம்.